கிழிந்துபோன நாற்பத்தேழாம் சீட்டு

அத்தியாயம் 9

"கொலை இல்ல, கொள்ளை இல்ல, ஒரு சின்ன மூக்குடைப்புகூட இல்ல. அக்கா, நாம இடம் மாறி வந்துட்டோம்னு நினைக்கிறேன். இது கண்ணாடிக் கடை," என்றான் ரேடியோ.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆய்வுக்கூடத்தின் நடுவில், இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அகலத்துக்கு ஓர் இரும்பு மேசை. மேசை முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள், நூறாவது இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கம்பத்தில் ஏறி நின்று பக்கத்துக் கண்ணாடியை முறைத்துக்கொண்டிருந்தது. மேசையின் கோடியில் பெரிய அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஓர் எஃகுக் கலம். அதன் மூடியிலும் சுவரில் இருந்த மின்சாரப் பெட்டியிலும் சிவப்பு அரக்கு முத்திரை. முத்திரையில் தொங்கிய அட்டையில் 'தொடக்கூடாது, திறக்கக்கூடாது' என்று எழுதியிருந்தது.

"பார்க்கலாம்னு போடலையே," என்றான் ரேடியோ.

"பார்க்கக்கூடாதுன்னும் போடல," என்று சொல்லிவிட்டு சாம்பல் குனிந்து பார்க்க ஆரம்பித்தாள்.

சாம்பல் என்பது ஊர் வைத்த பெயர். பதினைந்து வருஷம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீப்பிடித்த வீடுகளில் சாம்பலைக் கிளறிக்கிளறி, முதல் பொறி எங்கே விழுந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். அலுவலகப் பலகையிலேயே சாம்பல் என்றுதான் எழுதியிருக்கிறாள்.

அவளுடைய உதவியாளன் வாயை மூடுவதில்லை, அதனால் ரேடியோ. வயது முப்பத்திரண்டு. ஏழு மாதத்துக்கு முன்னால் அவன் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போன அன்று மட்டும் அந்த ரேடியோ அரை நாள் ஊமையாகக் கிடந்தது. மறுநாளிலிருந்து முன்னைவிட அதிகச் சத்தம்.

மணி இரண்டரை. நான்கு மணிக்கு மாடியில் விசாரணை. இந்தக் கூடத்தின் விஞ்ஞானி, 'என் முடிவுகளை நானே புனைந்தேன்' என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போக வேண்டும். எட்டு வருஷ உழைப்பும் இருக்கிற ஒரே பெயரும் அதோடு போகும். அவர் போடத் தயாராக இருந்தார். அதுதான் ரேடியோவுக்குப் புரியவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால் இந்த வழக்கைக் கொண்டு வந்தவள் இதே நிறுவனத்துப் பட்டறையில் வேலை செய்கிறவள். ஃபிட்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்போடு வந்து உட்கார்ந்தாள்.

"அவர் பொய் சொல்ல மாட்டார். பன்னிரண்டு வருஷம் அவரோட குடித்தனம் பண்ணியிருக்கேன். பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா இன்னும் ஒண்ணாவே இருந்திருப்போம்."

"அவர்னா?"

"அந்தக் கூடத்து விஞ்ஞானி. என் வீட்டுக்காரர்தான். இப்ப வீடு வேற வேற."

அவள்தான் விஷயத்தை விளக்கினாள். அந்தக் கலத்துக்குள் ஒரு வாயு. அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு கை. ஒரு கை அயோடினைத் தளர்வாகப் பிடித்திருக்கும், இன்னொரு கை புரோமினை இறுக்கிப் பிடித்திருக்கும். சூடாக்கினால் எப்போதும் தளர்ந்த கைதான் முதலில் விடும். அதுதான் உலக வழக்கம். இவர் லேசர் வெளிச்சத்தால் இறுக்கமான கையை விடவைத்தார், தளர்ந்த கை விடாமல் அப்படியே இருந்தது.

"வெளிச்சத்தை விட்டு விட்டுத் தட்டுவார். முதல் தட்டுல மூலக்கூறு ஆட ஆரம்பிக்கும். எந்தப் பக்கம் ஆடுதுன்னு கணக்குப் பண்ணி, அந்த நேரம் பார்த்து ரெண்டாவது தட்டு. ஊஞ்சல் தள்ற மாதிரிதான். நேரம் தப்பினா ஒண்ணும் நடக்காது."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டிருந்தாள் சாம்பல்.

"ஒரு விநாடியைக் கோடியால வகுத்து, அதை மறுபடி பத்துக் கோடியால வகுத்தா ஒரு ஃபெம்டோ விநாடியாம். ஒவ்வொரு தட்டும் அதுல பத்து."

"என் சம்பளம் கையில நிக்கிற நேரம்," என்றான் ரேடியோ. அவள் சிரிக்கவில்லை.

வெளியிலிருந்து இரண்டு நிபுணர்கள் சரிபார்க்க வந்தார்கள். மூன்று நாள் எந்திரத்தை ஓட்டினார்கள். மூன்று நாளும் அயோடின்தான் கழன்றது, புரோமின் அசையவில்லை. அப்படியானால் பழைய முடிவெல்லாம் கட்டுக்கதை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றாள் ஃபிட்டரம்மா எழுந்திருக்கும்போது. "நான் கேட்டேன்னு அவருக்குத் தெரியக்கூடாது."

இப்போது சாம்பல் மேசையோரத்தில் இருந்த குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வாரத்துக்கு முன்னால் வரை பக்கத்துக்குப் பக்கம் புரோமின், புரோமின் என்று சந்தோஷமான கையெழுத்து. அதற்கப்புறம் ஒரு நாள் இடைவெளி. அதிலிருந்து அயோடின், அயோடின், அயோடின். ஒரு பக்கத்தில் வேறு எதுவுமே இல்லை. 'ஏன்?' என்று மூன்று முறை எழுதி, மூன்றையும் அடித்திருந்தார்.

"பொய்க்கணக்கு எழுதறவன் தோத்த நாளையெல்லாம் எழுதிவைக்க மாட்டான்," என்றாள் சாம்பல். "அந்த இடைவெளி நாள்ல என்ன நடந்துச்சு?"

ரேடியோ பக்கத்திலிருந்த இன்னொரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான். பட்டறைச் சீட்டுப் புத்தகம். கூடத்துக்கு எது வேண்டுமானாலும் இதில்தான் எழுத வேண்டும். வெள்ளைச் சீட்டு பட்டறைக்குப் போகும், மஞ்சள் நகல் புத்தகத்திலேயே இருக்கும். நாற்பத்தாறு இருந்தது. நாற்பத்தெட்டு இருந்தது. நடுவில் ஒரு விரற்கடை மஞ்சள் நார் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சது கேஸ். ஆள் திருடன்தான் அக்கா. அதுவும் கத்துக்குட்டித் திருடன். மஞ்சளைக் கிழிச்சவனுக்கு வெள்ளை ஞாபகம் வரலையே!"

"ஞாபகம் வந்திருக்கும். வெள்ளையை எடுக்கணும்னா பட்டறைக்குப் போகணும். அங்க அவங்க இருப்பாங்க," என்றாள் சாம்பல். "வா."

பட்டறை கீழ்த்தளத்தில். லேத் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிட்டரம்மா அதை நிறுத்திவிட்டு முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றினாள். எந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு பூனைப் படம் ஒட்டியிருந்தது. பூனைக்கு ஆறு கால்.

"என் பொண்ணு வரைஞ்சது. விழாம நிக்கணும்ல, அதான் ரெண்டு காலு எக்ஸ்ட்ராவாம்," என்றாள்.

"அம்மா மாதிரியே," என்றாள் சாம்பல்.

ஃபிட்டரம்மா ஏனோ திடுக்கிட்டவள் போலப் பார்த்தாள்.

வெள்ளைச் சீட்டுகள் மேசைமேல் ஓர் இரும்புக் கம்பியில் குத்தியிருந்தன. நாற்பத்தேழை அவளே தேடி எடுத்துக் கொடுத்தாள். மறைக்கிறவள் போலத் தெரியவில்லை. ரேடியோ வாங்கிப் படித்தான்.

பொருள்: கலத்தின் உடைந்த ஜன்னல். அளவு: தடிமன் 1 மி.மீ. அதற்குமேல் வேண்டவே வேண்டாம். அடியில் அவள் கையெழுத்தில்: முடிந்தது.

"ஒரு தயவுசெய்துகூட இல்ல. பொண்டாட்டிக்கு எழுதற கடிதமா இது?"

"கடிதம் எழுதறவங்கதான் அதெல்லாம் போடுவாங்க. எங்களுக்குச் சீட்டு போதும். பேச்சு நின்னு போய் ஒண்ணரை வருஷமாச்சு."

"ஜன்னல் எப்படி உடைஞ்சது?" என்று கேட்டாள் சாம்பல்.

"உள்ள காத்தை எல்லாம் உறிஞ்சிடுவாங்க. வெளிக்காத்து கண்ணாடியை உள்பக்கமா அழுத்தும். லேசர் உள்ள போற ஜன்னல் ரெண்டு நகத்தை அடுக்கின கனம்தான். ஒரு நாள் வெடிச்சிருச்சு. அவர் குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்திருக்கார். தெறிச்சு வந்த துண்டு புருவத்துக்கு மேல கிழிச்சிருச்சு." அவள் தன் புருவத்தையே தொட்டுக் காட்டினாள். "சத்தம் கேட்டு ஓடினேன். நான்தான் துணியை வெச்சு அழுத்திப் பிடிச்சேன். டாக்டர் வர்ற வரைக்கும் இருபது நிமிஷம். அப்பக்கூட ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல."

லேத்திலிருந்து எண்ணெய் சொட்டும் சத்தம் கேட்டது. ரேடியோவுக்கு ஒரு நக்கல் வாய் வரைக்கும் வந்தது. அவன் அதை விழுங்கிவிட்டான்.

"எதுக்குப் பிரிஞ்சீங்கன்னு கேக்கலாமா?" என்றாள் சாம்பல்.

"பெரிசா ஒண்ணுமில்ல. அவருக்கு எல்லாம் மெல்லிசா வேணும். டீ கப்பிலிருந்து பேச்சு வரைக்கும். எனக்கு எது செஞ்சாலும் கேட்டதைவிட ஒரு சுத்து கனமா இருந்தாத்தான் தூக்கம் வரும். போன வருஷம் ஒரு வரைபடத்துல போட்டிருந்ததைவிடப் பெரிய போல்ட் போட்டேன்னு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாங்க. இன்னொண்ணு வந்தா வேலை இல்லைன்னு எழுதியே இருக்கு."

"இந்தத் தடவை ஒரு மில்லிமீட்டர்தானே போட்டீங்க?"

"சீட்டுல இருக்கே," என்று சொல்லிவிட்டு அவள் முகக்கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

வெளியே போகிற வழியில் சாம்பல் அலமாரி முன்னால் ஒரு கணம் நின்றாள். '1 மி.மீ.' என்று எழுதிய ஓர் அட்டைப்பெட்டி. அதன்மேல் தூசி. சாம்பல் தூசியை ஊதவுமில்லை, தொடவுமில்லை. மாடிப்படியில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பெட்டியோட ஒட்டுத்தாள் பிரிக்கல. தூசியும் கலையல. அவங்க மெல்லிய கண்ணாடி போட்டிருந்தா எங்கேயிருந்து எடுத்தாங்க?"

ரேடியோ படியிலேயே நின்றுவிட்டான். "அப்ப தடியா போட்டிருக்காங்களா? சரி அக்கா, போடட்டுமே! கண்ணாடி தெளிவாத்தானே இருக்கு? வெளிச்சம் போகுதுல்ல?"

"அதை யார்கிட்டயாவது கேக்கணும். முதல்ல தடியா இல்லையான்னு பார்ப்போம்."

"எப்படி? விளிம்பைச் சுத்தி எஃகு வளையம். திறக்கக்கூடாது, தொடக்கூடாது."

கூடத்துக்குத் திரும்பியதும் சாம்பல் கலத்தின் முன்னால் மண்டியிட்டாள். நெருப்பு விட்டுப்போன தடயம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மேசை விளிம்பில், லேசர் உள்ளே போகும் ஜன்னலுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில், மூன்று சொட்டு வெள்ளை மெழுகு உறைந்து கிடந்தது.

"அரக்கை உருக்க மெழுகுவர்த்தி ஏத்தியிருக்காங்க. இங்கதான் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்காங்க. ரேடியோ, உன் போன்ல டார்ச்சைப் போடு. இந்தச் சொட்டுக்கு நேர் மேல பிடி."

அவன் பிடித்தான்.

"ஜன்னல்ல என்ன தெரியுது?"

"டார்ச்சோட பிம்பம். ஒண்ணு. இல்ல இரு, பக்கத்துல இன்னொண்ணு. ரெண்டு புள்ளி தெரியுது."

"முன்பக்கம் ஒண்ணு பிரதிபலிக்கும், பின்பக்கம் ஒண்ணு. இப்ப அந்தக் கோடியில வெளிச்சம் வெளியே போற ஜன்னல் இருக்குல்ல, அதுல பிடி."

அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அதே சாய்வில் பிடித்தான். அங்கேயும் இரண்டு புள்ளிதான். ஆனால் ஒட்டிப் பிறந்தவை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. முன்னால் பார்த்த ஜன்னலில் இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டாணியே உட்காரலாம்.

"அஞ்சு ஆறு மடங்கு தடி," என்றாள் சாம்பல். "தொடவும் இல்ல, திறக்கவும் இல்ல."

"அக்கா, உங்களுக்குக் கோயில் கட்டணும். சின்னதாத்தான், என் சம்பளத்துக்கு."

"ஆறு மில்லிமீட்டர்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

விஞ்ஞானி நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். வலது புருவத்துக்கு மேல் இன்னும் சிவப்பு மாறாத தழும்பு. கையில் ஒரு அட்டைப்பெட்டி, சொந்தச் சாமான்களை எடுத்துப்போக வந்திருக்கிறார்.

"அந்த டார்ச்சை அணைச்சிடுங்க," என்றார். "தயவுசெஞ்சு."

சாம்பல் எழுந்து புடவை முட்டியைத் தட்டிக்கொண்டாள். "இந்தத் தயவுசெஞ்சை நாற்பத்தேழாம் சீட்டுல போட்டிருக்கலாம் சார்."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"தடிக் கண்ணாடியால என்ன ஆகும், அதை மட்டும் சொல்லுங்க," என்று கேட்டான் ரேடியோ.

கேட்டது வேலையைப் பற்றி என்பதால் அவருக்குப் பேச்சு வந்தது. "ஒரு துடிப்புக்குள்ள ஒரே நிறம் இல்ல, நிறைய நிறம். எல்லாம் ஒண்ணா வந்து சேர்ந்தாத்தான் அது அவ்வளவு குட்டையா இருக்க முடியும். கண்ணாடிக்குள்ள சிவப்புப் பக்கம் முந்திப் போகும், நீலப் பக்கம் பின்தங்கும். பள்ளிக்கூட வாசல்ல கை கோத்துக்கிட்டு வெளிய வர்ற பசங்க தெருமுனைக்குள்ள தனித்தனியா பிரிஞ்சிடுவாங்களே, அந்த மாதிரி. ஒரு மில்லிமீட்டர்ல பிரியறது கொஞ்சம்தான், அதுக்கு முன்னாடியே சரிக்கட்டி வெச்சிருந்தேன். ஆறுல, பத்து ஃபெம்டோ அறுபதாயிடும். மூலக்கூறு ஆடி முடிச்சு, தளர்ந்த கையை விட்டுட்டுப் போயிருக்கும். அப்புறம் தட்டி என்ன பிரயோஜனம்?"

"வந்த நிபுணர்கள் கண்டுபிடிக்கலையா?"

"வெளிச்சத்தோட சக்தி ஒரு துளி குறையாது. மீட்டர் சரின்னு சொல்லும். துடிப்போட நீளத்தை அளக்கற கருவி எல்லாம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம். அவங்க அளந்த ஒவ்வொண்ணும் சரியாத்தான் இருந்துச்சு. அந்தப் பக்கம் யாரு போய்ப் பார்க்கறது? அஞ்சு வாரம் நானே பார்க்கலையே."

"ஆனா முத்திரை வெச்ச அன்னிக்குப் பார்த்தீங்க," என்றாள் சாம்பல். அட்டையில் சாட்சி என்ற இடத்தில் இருந்த கையெழுத்தை விரலால் காட்டினாள். "நீங்க பக்கத்துல நின்னிருக்கீங்க. முத்திரை வெச்சவங்க இந்த இடத்துல மெழுகுவர்த்தியைப் பிடிச்சாங்க. ஜன்னல்ல ரெண்டு சுடர் தெரிஞ்சது."

ரேடியோ அவரையே பார்த்தான். அவர் தலையசைத்தார். மறுப்பாக இல்லை.

"அரக்கு இன்னும் காயக்கூட இல்ல," என்றார். "அந்தச் சூடு ஆறறதுக்குள்ள எல்லாம் புரிஞ்சிடுச்சு. வாயைத் திறக்கப் போனேன். ஆறு மில்லிமீட்டர்னு சொன்னா, யார் போட்டதுன்னு கேப்பாங்க. சீட்டுல ஒண்ணுன்னு இருக்கு, முடிந்ததுன்னு அவ கையெழுத்து இருக்கு. ஏற்கனவே ஒரு எச்சரிக்கை. வேலை போனா நிறுவனம் கொடுத்த வீடும் போகும். என் பொண்ணு அங்கதான் இருக்கா. பூனைக்கு ஆறு கால் போடற வயசு."

"அதனால மஞ்சள் சீட்டைக் கிழிச்சீங்க."

"பதினோரு நாளாச்சு. இன்னும் ஒரு மணிநேரம். ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சிடும். விட்டுடுங்க." சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா, உங்களை யாரு வரச் சொன்னது? எனக்காக யாரு?"

சாம்பலின் முகம் சாத்திய கதவு மாதிரி இருந்தது. ஆனால் ரேடியோவின் முகத்தில் எப்போதும் எல்லா நிலையமும் எடுக்கும். விஞ்ஞானி அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அது போதுமாயிருந்தது.

"அவளா?"

முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு, தனக்கே கேட்காத குரலில், "நான் பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னாளா?" என்று கேட்டார்.

"அது மட்டும்தான் சொன்னாங்க," என்றான் ரேடியோ.

வராந்தாவில் ரேடியோ சாம்பலை ஓடிப்போய் மறித்தான். "எங்க போறீங்க?"

"பட்டறைக்கு."

"சொன்னா அந்தம்மா வேலை போகும். சொல்லலைன்னா இந்த மனுஷன் பேர் போகும். ஏதாவது மூணாவது வழி கண்டுபிடிங்க அக்கா, அதுக்குத்தானே பலகை மாட்டியிருக்கீங்க?"

"எரிஞ்ச வீட்டுல முதல் பொறி எங்க விழுந்துச்சுன்னு சொல்றதுதான் என் வேலை. பல தடவை அது வீட்டுக்காரங்களே ஏத்தின விளக்கா இருந்திருக்கு. சாமி விளக்கு, குழந்தைக்குப் பயமா இருக்குன்னு வெச்ச விளக்கு. சொல்லாம வந்ததில்ல." அவள் குரலும் அன்று வழக்கம்போல இல்லை. "கேள்வி அவங்க கேட்டது. பதிலை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும். நீயோ நானோ அவரோ இல்ல."

ஃபிட்டரம்மா கேட்டுக்கொண்டே ஒரு எஃகு வளையத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெளிவான கண்ணாடிதான் போட்டேன்," என்றாள். "இருக்கறதுலயே தெளிவானது. அந்தப் பக்கம் பார்த்தா கண்ணாடி இருக்கறதே தெரியாது. இனிமே உடையாதுன்னு நினைச்சேன்."

"தெரியும்மா," என்றாள் சாம்பல்.

"அவருக்குத் தெரியுமா?"

"பதினோரு நாளா."

அவள் கை நின்றது. "பதினோரு நாளா என் பட்டறை வாசலைத் தாண்டித்தான் போய்க்கிட்டிருந்தார். ஒரு நாள் நின்னுகூடப் பார்த்தார். சீட்டு கொண்டு வந்திருக்கார்னு நினைச்சேன்."

மணி மூன்று ஐம்பது. அலமாரிக்குப் போய், தூசி படிந்த அட்டைப்பெட்டியை எடுத்து, ஒட்டுத்தாளைக் கிழித்தாள்.

விசாரணை அறையில் நீள மேசை. தலைமாட்டில் இயக்குநர், இரு பக்கமுமாக மொத்தம் நான்கு பேர். விஞ்ஞானியின் கையில் பேனா. கதவு திறந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். ஃபிட்டரம்மா நேராகப் போய், காகிதத்தின்மேல் வெள்ளைச் சீட்டை வைத்து, அதன்மேல் ஒரு மெல்லிய கண்ணாடி வட்டை வைத்தாள்.

"அவர் கேட்டது இது. நான் போட்டது ஆறு மில்லிமீட்டர். முடிந்ததுன்னு போட்டேனே, அதுதான் பொய். இந்த அறையில இருக்கற பொய் அது ஒண்ணுதான். அவர் எழுதினதுல எதுவும் பொய் இல்ல."

"வேண்டாம்," என்று விஞ்ஞானி எழுந்தார்.

"நீங்க உட்காருங்க."

ஒன்றரை வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

இயக்குநர் கண்ணாடி வட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா மாத்தினீங்க? உங்களுக்கு ஒரு கடிதம் கொடுத்தும்?"

அவள் தன் புருவத்தைத் தொட்டாள். "இங்க கிழிஞ்சது சார். இன்னும் ஒரு விரல் கீழ பட்டிருந்தா கண்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் விஞ்ஞானி. கோபமில்லை, அழுகைக்கு முந்தின குரல். "மாத்திட்டேன்னு சொல்லியிருந்தா ஒரு நாள்ல சரிக்கட்டியிருப்பேனே. இந்தக் கனம் ஒரு பிரச்னையே இல்லையே. தெரிஞ்சிருந்தா போதுமே."

"எப்படிச் சொல்றது? சீட்டுல பொருளுக்கு ஒரு கட்டம் இருக்கு, அளவுக்கு ஒரு கட்டம் இருக்கு. காரணத்துக்குக் கட்டம் இல்லையே."

இயக்குநர் வட்டைத் திரும்பச் சீட்டின்மேல் வைத்துவிட்டு, நாளைக்கு எந்திரத்தை ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் எச்சரிக்கைக் கடிதத்தில் எழுதியது எழுதியதுதான் என்றார்.

மறுநாள் காலையில் முத்திரையை வெட்டினார்கள். இயக்குநரும் நால்வரும் பார்த்துக்கொண்டு நிற்க, ஃபிட்டரம்மா தடிக் கண்ணாடியைக் கழற்றி மெல்லியதைப் பொருத்தினாள். அந்த நிறுவனத்தில் அவளுடைய கடைசி வேலை அது. திருகாணியை ஒவ்வொன்றாக, எதிரெதிராக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினாள். கடைசிச் சுற்றில் கை இன்னும் கொஞ்சம் இறுக்கப் போனது. நிறுத்திக்கொண்டாள்.

காற்றை உறிஞ்சி முடிக்க மதியமாகிவிட்டது. விஞ்ஞானி விசையைத் தட்டினார். திரையில் பச்சைக் கோடு கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தது. பிறகு புரோமின் என்று குறித்த இடத்தில் மெல்லத் தலைதூக்கி, மேலே மேலே ஏறியது. அயோடின் இருந்த இடம் அசையாமல் கிடந்தது. இறுக்கிப் பிடித்த கை விட்டுவிட்டது, தளர்ந்த கை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் அவர் கையைக் குலுக்கினார்கள். அவர் எல்லோர் தோளுக்கும் மேலாகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அங்கே இல்லை.

வராந்தாவில் அவளைப் பிடித்தார். அவள் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு டீ கப், மடித்த பூனைப் படம். கருவிகளெல்லாம் நிறுவனத்துடையவை. ரேடியோ தூணோரமாக ஒதுங்கினான். கேட்கக்கூடாது என்றுதான் ஒதுங்கினான், ஆனால் கேட்டது.

"நானும் பொண்ணும் எங்க அக்கா வீட்டுக்குப் போறோம். அங்க ஒரு பட்டறையில ஆள் வேணுமாம். பொண்ணை லீவுக்கு அனுப்பறேன்."

"நானும் வரட்டுமா? வேலையை விட்டுட்டு..."

"எட்டு வருஷத்தை விட்டுட்டா? இவ்வளவும் எதுக்குப் பண்ணினேன்?" அவள் கொஞ்சம் சிரித்தாள். "வந்தா ஒரு மாசம் நல்லாப் பேசுவோம். அப்புறம் நீங்க மெல்லிசா ஏதாவது கேப்பீங்க, நான் கனமா ஏதாவது பண்ணுவேன், மறுபடி நிறுத்திடுவோம். இப்படியே இருக்கட்டும். இப்ப நல்லாத்தான் பேசிக்கிட்டோம்."

அவள் படியிறங்கினாள். அவர் அவள் பின்னால் போகவில்லை. போயிருந்தால் ரேடியோ கைதட்டியிருப்பான். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

கூடத்துக்குத் திரும்பியபோது மேசைமேல் சீட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. போகும் முன் அவள் எழுதி வைத்திருந்தாள். எண் ஐம்பத்து மூன்று. பொருள்: ஜன்னல். அளவு: 1 மி.மீ. முடிந்தது. அதற்குக் கீழே, அச்சடித்த கட்டமெல்லாம் முடிந்த இடத்தில், அளவுகோல் வைத்து அவளே ஒரு கட்டம் போட்டு, காரணம் என்று தலைப்பு எழுதியிருந்தாள். உள்ளே நேர்த்தியான பட்டறைக் கையெழுத்து.

'மெல்லியது. உடையும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கவும்.'

விஞ்ஞானி அதைப் படித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். மஞ்சள் நகலைப் புத்தகத்திலேயே விட்டு, வெள்ளைச் சீட்டை மட்டும் கிழிசல் விழாமல் பிரித்தெடுத்தார்.

"என்ன ரேடியோ, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டாள் சாம்பல்.

ரேடியோ வராந்தாவில் படிக் கைப்பிடிமேல் சாய்ந்து நின்றான். சீட்டை ஏந்திக்கொண்டு அந்த மனிதர் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பட்டறையில் லேத் ஓடவில்லை. விளக்கு அணைந்திருந்தது. அவர் இருட்டில் தடவிக் கம்பியைக் கண்டுபிடித்து, வாங்கிக்கொள்ள ஆளில்லாத அந்தச் சீட்டைத் தானே குத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.